ரெண்டு மில்லிதானே

மில்லிமீட்டர் பார்த்துச் சக்கரம் செய்கிற ஊர் பாடி. 1960-இல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா அங்கேதான். கொஞ்சம் மேற்கே, அம்பத்தூருக்கு வந்தால் கணக்கு இளகிவிடுகிறது. செகண்ட் ஹேண்ட் மஸ்டாங்குக்கு அலாய் தேடும் ஆவடித் தம்பியிடம், ஸ்கோடாவுக்கான 112 பி.சி.டி. (நட்டு ஓட்டைகள் அமையும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) வீலை நீட்டுகிறார் கடைக்காரர். மஸ்டாங்குக்கு வேண்டியது 114.3.

“ரெண்டு மில்லிதான தம்பி, நட்டை முறுக்குனா உக்காந்துக்கும்.”

உட்காரும்தான், ஸ்டட்டை வளைத்துக்கொண்டு. வேகமெடுத்தால் ஸ்டியரிங் நடுங்கும். வீலின் நடு ஓட்டை மஸ்டாங் ஹப்பின் 70.5-ஐவிடப் பெரிதானால் ஹப் ரிங் வேண்டாமா? “அதெல்லாம் ஃபாரின்ல தம்பி.” ஆஃப்செட் கேட்டால் பெயின்ட் பளபளப்பைக் காட்டுகிறார்.

நல்லவேளை, ஷிப்ட் விடும் நேரத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் யாரும் இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை. வண்டியில் மிச்சமிருக்கும் சேஃப்டி ஃபீச்சர் அது ஒன்றுதான்.