வேலை கொடுங்கள், மாலை போடாதீர்கள்

விலங்கை வதைத்த விளையாட்டு வீரரை ரசிகர்கள் மன்னிக்கலாமா, கூடாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
(தேனி வாசகர்)

பிழைக்க விடலாம். கொண்டாடக் கூடாது. இவை இரண்டும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால்தான் இந்தச் சண்டை தீர்வதே இல்லை. தண்டனை முடிந்து வந்தவருக்கு வேலையே தரமாட்டோம் என்றால் அது பழிவாங்கல். வந்த கையோடு தோளில் தூக்கிவைத்து ஆடினால், அடிபட்ட உயிரை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை என்று அர்த்தம்.

அமெரிக்காவின் மைக்கேல் விக் விவகாரத்தை அடிக்கடி குறிப்பிடுகிறீர்கள். அப்படி என்னதான் செய்தார்?
(ஈரோடு வாசகி)

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். ஓட்டத்திலும் வீச்சிலும் விக் போல ஒருவரை அதற்கு முன் பார்த்தவர்கள் குறைவு. 2001-இல் புது வீரர்களுக்கான தேர்வில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2004-இல் 10 ஆண்டுக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது.

அதே காலத்தில் வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில், மூன்லைட் ரோட்டில் இருந்த அவருடைய இடத்தில் நாய்ச் சண்டைத் தொழில் நடந்துகொண்டிருந்தது. ‘பேட் நியூஸ் கெனல்ஸ்’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். 2007 ஏப்ரலில் உறவினர் ஒருவர் மீதான போதைப்பொருள் வழக்குக்காகத்தான் போலீஸ் அங்கே போனது. போன இடத்தில் சங்கிலியில் கட்டிய நாய்களும் சண்டைக்கான கருவிகளும் கிடைத்தன. தனக்கு ஒன்றும் தெரியாது, அங்கே இருந்த சொந்தக்காரர்கள் செய்த வேலை என்றார் விக். அமெரிக்கக் கால்பந்து லீகின் தலைவரிடமும் அப்படியே சொன்னார். கூட்டாளிகள் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புக்குப் போன பிறகு, ஆகஸ்டில் அவரும் ஒப்புக்கொண்டார். சண்டைக்குத் தேறாத 6 முதல் 8 நாய்கள் அந்த ஏப்ரலில் தூக்கில் தொங்கவிட்டும் தண்ணீரில் அமுக்கியும் கொல்லப்பட்டன, அதில் தனக்கும் பங்கு உண்டு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

23 மாதச் சிறைத் தண்டனை. ஆனால் எதற்காக என்று பாருங்கள். மாநிலம் தாண்டி நாய்ச் சண்டை நடத்தக் கூட்டுச் சதி செய்ததற்காக. பிறகு வர்ஜீனியா மாநில வழக்கில் நாய்ச் சண்டைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதும், வதைக் குற்றச்சாட்டைக் கைவிட்டுவிட்டார்கள். அந்த நாய்கள் மூச்சுத் திணறிச் செத்ததற்கென்று அவர் தனியாக ஒரு நாள்கூடத் தண்டனை அனுபவிக்கவில்லை. ‘அவர்தான் எல்லாத் தண்டனையும் அனுபவித்துவிட்டாரே’ என்று ரசிகர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

ஒரு நாய்க்காக ஒரு மனிதனின் வாழ்க்கையை அழிக்கலாமா?
(சேலம் வாசகர்)

ஒரு நாய் அல்ல. பிடிபட்ட பிட் புல் நாய்கள் மட்டும் ஐம்பதுக்கு மேல். செத்தவை தனி. அவர் வாழ்க்கையும் அழிந்துவிடவில்லை. அடுத்த கேள்விகளையும் படியுங்கள்.

சிறையிலிருந்து வந்தவரை மறுபடி ஆட விட்டது சரியா?
(கோவை வாசகர்)

சரிதான். 2008-இல் திவாலானார். சிறை முடிந்து வீட்டுக்காவலில் இருந்தபோது கட்டுமான நிறுவனம் ஒன்றில் மணிக்கு 10 டாலர் கூலிக்கு வேலை பார்த்தார். 2009 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. அந்தச் சம்பளத்திலிருந்து பல ஆண்டுகள் கடனை அடைத்தார். அமெரிக்க விலங்குநலச் சங்கத்துடன் சேர்ந்து பள்ளிகளுக்குப் போய், நாய்ச் சண்டை வேண்டாம் என்று பிள்ளைகளிடம் பேசினார். விலங்குச் சண்டையை வேடிக்கை பார்ப்பதையும் குற்றமாக்கும் சட்டத்துக்கு ஆதரவு கேட்டு 2011-இல் வாஷிங்டனுக்கும் போனார். தெரிந்த தொழிலைச் செய்து சம்பாதித்து, பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கும் மனிதரைத் தடுப்பதில் எந்த நாய்க்கும் நன்மை இல்லை.

பிறகு எதில்தான் உங்களுக்கு மனக்குறை?
(அதே கோவை வாசகர், அடுத்த தபாலில்)

கைதட்டல் வந்த நேரத்தில். 2009-இல் அவரைச் சேர்த்தபோது ஃபிலடெல்ஃபியாவில் எதிர்ப்பு இருந்தது. 2010 நவம்பரில் வாஷிங்டன் அணியை 59-28 என்று நொறுக்கினார். நான்கு டச்டவுனுக்குப் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) பந்து வீசினார், இரண்டைத் தானே ஓடி எடுத்தார். அந்த ஆண்டு ‘மீண்டு வந்த வீரர்’ விருது அவருக்கு. அடுத்த ஆண்டு 10 கோடி டாலர் ஒப்பந்தம். இந்த இடைவெளியில் நாய்கள் விஷயத்தில் புதிதாக என்ன நடந்தது? ஒன்றுமில்லை. மாறியது ஸ்கோர். அன்று அவர் ஆறு டச்டவுனுக்குப் பதில் ஆறு முறை பந்தைப் பறிகொடுத்திருந்தால் எத்தனை பேர் மன்னித்திருப்பார்கள்? வெற்றிக்கு ஈடாகக் கொடுக்கப்படுவதை மன்னிப்பு என்று அழைக்க நான் தயாரில்லை.

2020 ஜனவரியில் லீகின் ‘ப்ரோ பௌல்’ ஆட்டத்துக்கு அவரைக் கௌரவத் தலைவராக்கினார்கள். எதிர்த்து லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள்; லீக் அசையவில்லை. அங்கேதான் எல்லை மீறியது. சம்பளம் உழைப்புக்குக் கிடைப்பது. கௌரவப் பதவி ஒருவரைக் காட்டி, ‘இவரைப் பாருங்கள்’ என்று சொல்வது. முதலாவதை அவர் சம்பாதித்தார். இரண்டாவதைக் கொடுக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அந்த நாய்கள் என்ன ஆயின? யாருமே சொல்வதில்லையே.
(நாகர்கோவில் வாசகி)

இதைக் கேட்டதற்கு நன்றி. இதுதான் முதல் கேள்வியாக வந்திருக்க வேண்டும்.

அதுவரை சண்டை நாய்கள் பிடிபட்டால் வழக்கு முடிந்ததும் ஊசி போட்டுக் கொன்றுவிடுவதுதான் நடைமுறை. இவற்றையும் கொன்றுவிடுவதே நல்லது என்று பெரிய விலங்குநல அமைப்புகள் சிலவே சொல்லின. அவை திருந்தாது, பிள்ளைகளைக் கடிக்கும், செலவு வீண் என்பது வாதம். ஓக்லண்டைச் சேர்ந்த ‘பேட் ராப்’ போன்ற சிறிய அமைப்புகள் விடவில்லை. ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள் என்றார்கள். நீதிமன்றமும் சம்மதித்தது. நிபுணர்கள் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மூர்க்கம் தீராது என்று கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. மற்றவற்றில் பல, பயத்தில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு எழவே மறுத்த நாய்கள். உலகமே அஞ்சிய நாய்கள் ஒரு மனிதக் கையைக் கண்டு நடுங்கின.

அவற்றின் எதிர்காலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு சட்டப் பேராசிரியரை நீதிமன்றம் நியமித்தது. பராமரிப்புச் செலவுக்காக விக் கட்ட வேண்டிய தொகை 9,28,073 டாலர். 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் ‘பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ காப்பகத்துக்குப் போயின. அவற்றில் ஜார்ஜியா என்ற பெண் நாய்க்கு வாயில் ஒரு பல்கூட இல்லை, அத்தனையும் பிடுங்கப்பட்டிருந்தன. ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஒரு வீட்டுக்குப் போனது. சரளமாக வாசிக்க வராமல் வெட்கப்படும் பிள்ளைகள் நூலகத்தில் அதற்குப் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். தப்பு வந்தாலும் சிரிக்காத ஓர் உயிர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் கடைசியாக உயிரோடு இருந்த ஃப்ரோடோ 2021 டிசம்பரில் இறந்தது.

விக் கட்டிய பணத்திலேயே எனக்கு மதிப்புள்ளதாகத் தெரிவது இந்த 9,28,073 டாலர்தான். மற்றதெல்லாம் கடன் கொடுத்தவர்களுக்கும் அரசுக்கும் போனது. இது, யாருக்குத் தீங்கு செய்தாரோ அவர்களுடைய சோற்றுக்குப் போனது. தண்டிக்கிற ஒவ்வொரு நீதிமன்றமும் இந்த வழியைப் பின்பற்றினால் நன்றாக இருக்கும்.

பெண்ணை அடித்த வீரர்களையெல்லாம் மன்னித்துவிட்டு நாயைக் கொன்றவரை மட்டும் துரத்துவது என்ன நியாயம்?
(சென்னை வாசகி)

நியாயமே இல்லை. அதே அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரர் ரே ரைஸ் 2014 பிப்ரவரியில் தான் மணக்கவிருந்த பெண்ணை லிஃப்டுக்குள் அடித்து மயங்க வைத்தார். லீக் முதலில் கொடுத்த தண்டனை இரண்டே ஆட்டத் தடை. செப்டம்பரில் லிஃப்டுக்குள் எடுத்த வீடியோ வெளியானதும்தான் அணி அவரை நீக்கியது. அதன் பிறகு அவர் லீகில் ஆடவே இல்லை. அடி அதே அடி. கண்ணால் பார்த்த பிறகே கோபம் வந்தது. விக் கறுப்பினத்தவர், நாய்க்காக அழுகிற அமெரிக்கா கறுப்பின மனிதர்களுக்காக இப்படி அழுததா என்று அங்கே கேட்டார்கள். உண்மையான கேள்வி. அதற்குப் பதில் மனிதருக்காகவும் அதே கோபத்தைக் கொண்டுவருவதுதான். நாயிடமிருந்து கோபத்தைப் பிடுங்கி மனிதருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இருவருக்கும் போதுமான அளவு அது நம்மிடம் இருக்கிறது.

கோழியும் ஆடும் சாப்பிடுகிற நாம் இதைப் பேசலாமா?
(காரைக்குடி வாசகர்)

பேசலாம், பேசவும் வேண்டும். பசிக்குக் கொல்வதும் வேடிக்கைக்கு வதைப்பதும் ஒன்று என்றால் கசாப்புக் கடைக்கும் சித்திரவதைக் கூடத்துக்கும் வித்தியாசம் இல்லை என்றாகும். அதே நேரம், சைவமோ அசைவமோ, கோழி எப்படி வளர்க்கப்படுகிறது, எப்படி வண்டியில் தலைகீழாகத் தொங்கவிடப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். ஒன்றைக் கேட்காததால் மற்றதைக் கேட்கும் உரிமை போய்விடாது.

ஒலிம்பிக்கில் குதிரையை அடித்தார்களே, அவர்களும் விக்கும் ஒன்றா?
(புதுச்சேரி வாசகர்)

இல்லை. டோக்கியோவில் ஜெர்மனியின் அனிகா ஷ்லாய், நவீன பென்டத்லானில் முதலிடத்தில் இருந்தார். அப்போது அந்தப் போட்டியில் குதிரையைக் குலுக்கலில் கொடுத்தார்கள். பழக 20 நிமிடம்தான். செயின்ட் பாய் என்ற அந்தக் குதிரை ஏற்கெனவே வேறொருவரிடம் முரண்டு பிடித்திருந்தது. அழுதுகொண்டே சாட்டையை வீசினார் ஷ்லாய். வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் அடி என்று கத்தியதோடு, தானே குதிரையைக் கையால் குத்தினார், அவரை நீக்கினார்கள். ஷ்லாய் செய்தது தப்பு. ஆனால் பயந்துபோன குதிரையையும் பதறிப்போன மனுஷியையும் 20 நிமிடத்தில் சேர்த்துவிட்ட போட்டி அதைவிடப் பெரிய தப்பு. பாரிஸோடு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றத்தையே எடுத்துவிட்டார்கள். ஷ்லாயை நான் முழுமனதாக மன்னிக்கிறேன்.

பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் வேறு. ஆறு ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர், குதிரையின் மனம் அறிந்தவர் என்று பெயர் எடுத்தவர். பயிற்சி வகுப்பில் மாணவி ஏறியிருந்த குதிரையின் காலில் நீளச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த பழைய வீடியோ, பாரிஸுக்குச் சில நாள் முன்பு 2024 ஜூலையில் வெளிவந்தது. தானே விலகினார், ஓராண்டுத் தடை, 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். பதற்றம் இல்லை, போட்டி இல்லை, கடிகாரம் ஓடவில்லை. கற்றுக்கொடுக்கும் இடத்தில், கற்றுக்கொடுப்பவர் செய்தது. இங்கே எனக்கு மன்னிப்பு தாமதமாகவே வரும்.

ஜல்லிக்கட்டு?
(அலங்காநல்லூர் வாசகர்)

2023-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் நம் மாநிலச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. திமிலைத் தழுவுகிறவன் வீரன். வாலைத் திருகுகிறவனுக்கும் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுகிறவனுக்கும் காரும் பைக்கும் பரிசு தரக் கூடாது. அந்த வாடிவாசலுக்கே அவனை அனுப்பக் கூடாது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்று இருக்கிறது. ஒரு டீக்கும் வடைக்கும் ஆகும் காசு. அதை மாற்றச் சொல்லி முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் காளை வளர்ப்பவர்கள்தான் என்பேன்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். மகன் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் ரசிகன். அந்த அணியில் ஆடிய கர்ட் ஸூமா பூனையை உதைத்ததைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கேலி செய்கிறார்களாம். ‘ஸூமா நல்லவரா, கெட்டவரா அப்பா?’ என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?
(ஈஸ்ட் ஹாம் வாசகர்)

பிள்ளைக்கு முழுக் கதையையும் சொல்லுங்கள். 2022 பிப்ரவரியில் அந்த வீடியோ வெளிவந்தது. எடுத்தவர் சொந்தத் தம்பி. பூனையை உதைத்தார், அறைந்தார், பின்னணியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுநாளே அவரை வாட்ஃபோர்டுக்கு எதிராக இறக்கினார் மேனேஜர் டேவிட் மோய்ஸ். சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டு எதிர்த்தார்கள். அணி இரண்டு வாரச் சம்பளமான 2,50,000 பவுண்டை விலங்குநலத்துக்கு வாங்கிக் கொடுத்தது. அடிடாஸ் விலகியது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; 180 மணி நேரச் சமூகப்பணி, ஐந்தாண்டுக்குப் பூனை வளர்க்கத் தடை. அடுத்த ஆண்டு பிராகில் ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் அவரையே கேப்டனாக்கினார்கள். பூனை வளர்க்கத் தடை அப்போது பாதிகூட முடியவில்லை. ஒரு பூனையை ஒப்படைக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்ன ஒருவரிடம், உங்கள் மகன் வயதுப் பிள்ளைகள் கைபிடித்து மைதானத்துக்குள் வரும் அணியை ஒப்படைத்தார்கள். அவசரம்.

அதனால் மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஸூமா பெரிய தப்பு செய்தார், ஒப்புக்கொண்டார், தண்டனை வாங்கினார். உன் அணியில் இருந்தபோது அவர் தலையால் முட்டிக் கோலைத் தடுத்ததற்கு நீ சந்தோஷப்பட்டதில் தப்பில்லை. அது உன் அணிக்காக. அவர் பெயர் போட்ட சட்டை கேட்டால் மட்டும் வேறு பெயர் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அவர் வீட்டில் இருந்த இரண்டு பூனைகளையும் விலங்குநல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. வந்து எடுத்துக்கொண்டு போனதையும் மறக்காமல் சொல்லுங்கள். பிள்ளை அடுத்து அதைத்தான் கேட்பான்.