வைகைக்கு வடகரையில் ஒரு காலேஜ்

மதுரையில் ஆட்டோ பிடித்து 'அமெரிக்கன் காலேஜ்' என்றால் போதும், மேற்கொண்டு அடையாளம் கேட்கமாட்டார்கள். ஏ.வி. பாலத்தைக் கடந்து, கோரிப்பாளையம் தாண்டி, தல்லாகுளம் போகிற வழியில் மரங்களுக்கு நடுவே சிவப்புச் செங்கல் கட்டடங்கள் தெரியும். பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்கு டாலரும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும்தான் நினைவுக்கு வரும். நான் படித்த 1980களின் தொடக்கத்தில், அந்த வாசலில் பாண்டியன் போக்குவரத்துக் கழகப் பேருந்திலிருந்து இறங்கியவர்களில் நிறையப் பேர் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், சோழவந்தான் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறியவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அங்கே எனக்குக் கிடைத்தவற்றிலேயே பெரியது ஆசிரியர்களின் நேரம். இன்றைக்கு எந்தக் கல்லூரியிலும் கிடைப்பது அரிதாகிவிட்டதும் அதுதான். எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

கல்லூரியின் வேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். அதன் தலைவர் டேனியல் பூவர். வேதபாடத்தோடு தமிழ், ஆங்கிலம், கணக்கு, வானியல் எல்லாம் சொல்லிக்கொடுத்த இடம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1857-ல் முதன்முதலாகப் பட்டம் பெற்ற கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அதே தாமோதரம்பிள்ளைதான். அந்த மிஷன் 1834-ல் கடல் கடந்து மதுரைக்கு வந்தது. பூவரும் பின்னாலேயே வந்து சில ஆண்டுகள் இங்கே தங்கிப் பள்ளிக்கூடங்கள் திறந்தார். யாழ்ப்பாணம் திரும்பி 1855-ல் காலராவில் இறந்தார். அமெரிக்கன் கல்லூரி நூலகத்துக்கு அவர் பெயர்தான்.

1881-ல் மதுரைக்கு வெளியே பசுமலையில் கல்லூரி தொடங்கியபோது அது இரண்டாம் நிலைக் கல்லூரி. எஃப்.ஏ. வரைதான் படிக்கலாம், பி.ஏ. படிக்க வேண்டுமானால் வெளியூர் போக வேண்டும். வாஷ்பர்ன் அப்போது முதல்வர். அவருக்குப் பின் வந்த வில்லியம் மைக்கேல் ஜம்ப்ரோ காலத்தில்தான் கல்லூரி மதுரைக்குள் வந்து, வைகைக்கு வடகரையில் இப்போதிருக்கும் இடத்தில் காலூன்றியது. 1913-ல் பட்டப்படிப்புக்கும் அனுமதி கிடைத்தது. மிஷனில் இருந்தவர்கள் எல்லாரும் கல்லூரிக்குள்ளேயே இருந்துவிடவில்லை. ஜே.எஸ். சாண்ட்லர் தமிழ் லெக்சிகன் பணியைத் தொடக்கத்தில் பொறுப்பேற்று நடத்தியவர். இன்னொரு மிஷனரியான கெய்தான் காந்தியின் பக்கம் சாய்ந்தார் என்பதற்காக 1930-ல் பிரிட்டிஷ் அரசு அவரை நாட்டைவிட்டே அனுப்பியது. அவர் விடாமல் திரும்பி வந்து, பின்னாளில் காந்திகிராமம் உருவாகத் துணைநின்றார். ஒரே மிஷனிலிருந்து அகராதிக்காரரும் வந்தார், சத்தியாக்கிரகியும் வந்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காற்று கல்லூரிக்குள்ளும் வீசியது.

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று ஒரு வகை உண்டு. தனியார் நடத்துவது, அளவில் சிறியது, ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வசிப்பது. ஒரு வேலைக்கு ஆளைத் தயாரிப்பது அதன் நோக்கமல்ல. வேதியியல் படிப்பவனும் கவிதை படிக்க வேண்டும், வரலாறு படிப்பவனும் ஆய்வுக்கூடத்தில் நிற்க வேண்டும். ஒஹையோவில் உள்ள ஓபர்லின் கல்லூரி அப்படிப்பட்டது. 1833-ல் தொடங்கி, 1835-லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பது என்று முடிவெடுத்து, 1837-ல் பெண்களையும் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்ட இடம். அதற்குச் சீனாவில் ஷான்சி மாகாணத்தில் ஒரு பள்ளியோடு நெடுநாள் உறவு இருந்தது. சீனாவில் ஆட்சி மாறி அந்தக் கதவு மூடியபின், 1950களில் அந்த உறவு மதுரைப் பக்கம் திரும்பியது. ஓபர்லினில் பட்டம் முடித்த இளைஞர்கள் இரண்டு வருடம் அமெரிக்கன் கல்லூரியில் தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்கள். எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். சைக்கிளில் வருவார்கள், கையால் பரோட்டா பிய்த்துத் தின்பார்கள். ஆனால் வகுப்பில் எதைச் சொன்னாலும் "அப்படி ஏன் நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதே இல்லை. பதில் தெரியாமல் நின்றால் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு ஆங்கிலம் வந்தது.

நான் சேர்ந்தது 1981-ல். கல்லூரிக்கு நூறு வயது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்து முடிந்திருந்தது. ஊரெல்லாம் புதுச் சிலையும் புதுச் சாலையுமாக இருந்தது. கல்லூரிக்கு 1978-லேயே தன்னாட்சி கிடைத்துவிட்டது. நாட்டில் அதை முதலில் பெற்ற சில கல்லூரிகளில் ஒன்று. தன்னாட்சி என்றால் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கலாம், கேள்வித்தாளைத் தாங்களே போடலாம். பல்கலைக்கழகத்தின் ஒரே கேள்வித்தாளுக்காக நோட்ஸை மனப்பாடம் செய்யும் பழக்கத்திலிருந்து ஆசிரியர்களும் விடுபட்டார்கள், நாங்களும் விடுபட்டோம்.

அதை எந்த அளவுக்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் பொருளாதார மாணவன். விலை எப்படி நிர்ணயமாகிறது என்று ஒரு பாடம். எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு, வெட்டும் புள்ளியைக் காட்டிவிட்டு, "உன் ஊருக்குப் பக்கத்தில் மாட்டுச் சந்தை இருக்கிறதல்லவா, அங்கே விலை எப்படி முடிகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வா" என்றார். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு சந்தைக்குப் போனவன்தான். ஆனால் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் போனேன். தரகர் தோளிலிருக்கும் துண்டை எடுத்து விற்கிறவர் கைமேல் போடுவார். துண்டுக்குள்ளே விரலைப் பிடிப்பார். எந்த விரல், எத்தனை விரல், எப்படி அழுத்துகிறார் என்பதில் விலை இருக்கிறது. சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் தெரியாது. பிறகு அதே துண்டு வாங்குகிறவர் கைக்குப் போகும். இருவருக்கும் நடுவே இருக்கும் தொகை தரகருக்கு மட்டுமே தெரியும். பாடப்புத்தகம் சொன்ன சந்தையில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். எங்கள் சந்தையில் தெரிந்ததெல்லாம் ஒரு துண்டுக்கு அடியில் இருந்தது.

எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தி, வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போனார். சிவப்பு மையால் ஓரமெல்லாம் எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியாக வாசித்தார். "இங்கே நீ பார்த்ததைச் சொல்கிறாய், நன்றாக இருக்கிறது. இந்த இடத்தில் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாய், அதை எடுத்துவிடு. தரகருக்கு இரண்டு பக்கமும் கமிஷன் என்றால், அவர் விலையை உயர்த்தப் பார்ப்பாரா, வியாபாரத்தை முடிக்கப் பார்ப்பாரா? அதை ஏன் கேட்கவில்லை?" கேட்டுக்கொண்டு வர மறுபடி போனேன். இரண்டாவது கட்டுரையையும் அவர் அதேபோல் வாசித்தார். அப்பா கூலிக்கும் தரகுக்கும் நடுவே வாழ்நாள் முழுக்கப் பட்ட பாட்டுக்கு ஒரு காரணகாரியம் உண்டு, அதை அறிவால் பிடிக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அந்த மரத்தடியில்தான். ஒரு மாணவனின் எட்டுப் பக்கத்துக்காக அவர் செலவழித்த மதிய நேரத்துக்கு அவருக்கு யாரும் தனிச் சம்பளம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய தேவையும் இல்லாதபடி அவருக்கு நிரந்தர வேலையும், அளவான வகுப்பு நேரமும், வளாகத்துக்குப் பக்கத்திலேயே வீடும் இருந்தன.

அது அவர் ஒருவரின் குணம் மட்டுமல்ல. பொருளாதாரம் படிப்பவன் தமிழ்த்துறைக்குள் போய் உட்காரலாம், யாரும் விரட்டமாட்டார்கள். பின்னாளில் உலகத் தமிழர்கள் எல்லாரும் பட்டிமன்ற நடுவராக அறிந்த சாலமன் பாப்பையா எங்கள் கல்லூரியில் படித்து, அங்கேயே தமிழ்த்துறைக்குத் தலைவராக இருந்தவர். ஆங்கிலத் துறையில் ஜே. வசந்தன் நாடகம் போட்டார், கார்ட்டூன் வரைந்தார். பால் லவ் என்கிற அமெரிக்கர் மதுரையிலேயே வாழ்நாளைக் கழித்து, இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதியதற்கும் மொழிபெயர்ப்புகளுக்கும் என்றே ஒரு நூலகத்தை 1980களில் இங்கே உருவாக்கினார். அங்கிருந்து 'காவ்ய பாரதி' என்று ஒரு கவிதை இதழும் வந்தது. நகைச்சுவை நடிகர் விவேக் இங்கே பி.காம். படித்தவர். ஒரு கல்லூரி எந்த மாதிரி ஆட்களை உள்ளே வைத்துக்கொள்கிறதோ, அதுதான் அதன் பாடத்திட்டம் என்பது என் முடிவு.

கிறிஸ்தவக் கல்லூரி, வளாகத்துக்குள் ஆலயம் உண்டு, ஜெபம் உண்டு. சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது, தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஆண்டாள் மாலை சூடி ஆற்றுக்குப் புறப்படுவது கல்லூரிக்குப் பக்கத்தில்தான். அந்த ராத்திரி ஊரில் யாரும் தூங்குவதில்லை. நாங்களும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில் விடிய விடிய நின்றிருக்கிறோம். எங்கள் கூட்டத்தில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதை யாரும் பெரிய நல்லிணக்கமாகப் பேசியதில்லை. மதுரையில் அது வாழ்க்கை.

இன்றைக்கு உள்ளே போனால் சிவப்புக் கட்டடங்கள் அப்படியே இருக்கின்றன. ஆண்கள் கல்லூரியாக இருந்த இடத்தில் இப்போது பெண்களும் படிக்கிறார்கள். எங்கள் காலத்தைவிட இது மேல் என்று முழு மனதோடு சொல்வேன். மதுரைப் பெண்களுக்கென்று 1948-ல் கேட்டி வில்காக்ஸ் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். ஆனால் எங்கள் வகுப்பறைகளில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்து கேள்வி கேட்டிருந்தால் நாங்கள் இன்னும் சீக்கிரம் ஆளாகியிருப்போம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் வருகிறது. பஸ் பாஸோடு மதியச் சாப்பாட்டுக்குக் காசில்லாமல் திரிந்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

குறைந்துபோனது ஆசிரியரின் நேரம். இதை நான் ஒரு கல்லூரியின் குறையாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசு உதவி பெறும் கல்லூரிகள் எல்லாவற்றின் கதையும் இதுதான். ஒரு கட்டத்துக்குப் பின் புதிய பாடப்பிரிவுகளுக்கு அரசு சம்பளம் தரவில்லை. கல்லூரிகள் சுயநிதிப் பிரிவு தொடங்கின. ஒரே வளாகத்தில் ஒரே பாடத்தை இரண்டு ஆசிரியர்கள் நடத்துகிறார்கள். ஒருவருக்கு அரசுச் சம்பளம், ஓய்வூதியம். இன்னொருவருக்கு மாணவர் கட்டணத்திலிருந்து கொடுக்கிற தொகை. இரண்டாவது ஆசிரியரும் பிஎச்.டி. முடித்தவர்தான். வகுப்பு முடிந்ததும் டியூஷனுக்கு ஓட வேண்டிய நிலையில் இருப்பவர் யாரை மரத்தடிக்கு அழைத்துப்போக முடியும்? உதவி பெறும் பிரிவிலும் ஓய்வுபெற்றவர் இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடப்பதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். தன்னாட்சி காகிதத்தில் இருக்கிறது. அதைக் கையாள ஆளும் நேரமும் இல்லாவிட்டால், அது இன்டர்னல் மார்க் போடும் உரிமையாகச் சுருங்கிவிடும்.

வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்சாரி வீட்டுப் பிள்ளைக்கு வேலைதான் முதலில். ஆனால் என்னோடு படித்தவர்கள் வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் பத்திரிகையிலும் சேர்ந்து நிலைத்தது, வேலைக்கென்று தனியாகக் கற்ற எதனாலும் அல்ல. தெரியாத ஒன்றை விசாரித்துத் தெரிந்துகொண்டு, புரியும்படி எழுதத் தெரிந்திருந்தது. அதை ஒரு மென்பொருள் வகுப்போ மூன்று மாதத் திறன் பயிற்சியோ தனியாகத் தந்துவிட முடியாது. ஒரு பெரியவர் உட்கார்ந்து உங்கள் எட்டுப் பக்கத்தை வாசிக்க வேண்டும். அதற்கு வேறு வழியை நான் இதுவரை பார்க்கவில்லை.

கலை அறிவியல் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வேலைவாய்ப்பு முகாமில் எத்தனை கம்பெனி வந்தது என்று கேட்கிறீர்கள், கேளுங்கள். அதோடு, இந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், ஒருவருக்கு வாரம் எத்தனை மணி நேர வகுப்பு, காலியிடம் எத்தனை என்றும் கேளுங்கள். பழைய மாணவர்களுக்கும் ஒன்று: ஆண்டுவிழாவுக்கு வளைவு கட்டப் பணம் திரட்டும்போது, அந்தப் பணத்தில் ஓர் இளம் ஆசிரியரின் சம்பளத்தை ஐந்து வருடத்துக்கு உறுதி செய்ய முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசு, காலியாகக் கிடக்கும் உதவி பெறும் பணியிடங்களை நிரப்ப வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் அந்தக் கல்லூரிகளில் படித்து ஆளான நாம்தான்.