இந்த மாதம் வந்துவிடுமாம்

2015 மார்ச்சுக்குப் பிறகு ஆப்பிளின் மேக்புக் ஏர் மடிக்கணினி ஏறக்குறைய அப்படியே கிடந்தது. 2017இல் பிராசசரை மட்டும் லேசாகத் தட்டிவிட்டார்கள். ரெட்டினா திரை வர 2018 அக்டோபர் ஆனது. அதற்குள் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஜோசியர்களாகிவிட்டார்கள். டெலிவரி இரண்டு வாரம் தள்ளிப்போனால், ‘பழைய சரக்கு தீர்ந்துவிட்டது, புதுசு வருகிறது’. மறுநாளே கிடைத்தால், ‘பழசைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், புதுசு வருகிறது’. வெளியீட்டுக்கு முன்பே யூரேசியப் பொருளாதார ஆணையத்தில் பதிவாகும் மாடல் எண்களை அங்குள்ள அதிகாரிகள்கூட (பாவம், அவர்களுக்குச் சம்பளம் வேறு) இவ்வளவு பக்தியோடு படித்திருக்க மாட்டார்கள். ஒருவழியாக வந்தது. பழசு 999 டாலர், புதுசு 1,199. உடனே வாங்கிவிட்டார்களா? அதெப்படி! இதில் இரண்டு கோர்தானே. அடுத்ததில் நாலு வருமாமே.