ஐம்பது காசு மாமா

வீடு பார்க்கப் போகிறோம் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு நாம் காடியை எடுக்க வரும்போது முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார். வீட்டம்மா பின்சீட்டுக்குப் போக வேண்டியதுதான். "ஏஜென்ட் பேச்சக் கேக்காத தம்பி. செவரு பேசும், அதக் கேளு" என்பார்.

சுவரைப் பேச வைக்க அவர் கையில் இருப்பது ஓர் ஐம்பது காசு. 2012-இல் வந்த மஞ்சள் காசு உதவாதாம், சத்தம் செத்துக் கிடக்குமாம். அதற்கு முந்தைய, வாவ் பட்டம் போட்ட வெள்ளைக் காசுதான் வேண்டும். ஒட்டுக்கடையில் தவறிக் கொடுத்துவிடக் கூடாதென்று காலி மருந்து டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அந்த டப்பா திறக்கும் 'டிக்' சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கேட்டுத் தூணில் ஆரம்பித்துவிடுவார். கூடத்துச் சுவரைத் தரையிலிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே மேலே போவார். கண்ணை மூடிக்கொள்வார். மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். பிள்ளைகள் பேசக் கூடாது. ஏஜென்டின் போன் அடித்தால் ஒரு பார்வை பார்ப்பார், அந்த மனிதர் அஞ்சடிக்கே ஓடிப்போய் நின்று பேசுவார். 'டக்' என்றால் நல்ல சுவர். 'டொப்' என்றால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் 'டொக்' என்று ஒன்று வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது, ஆகவே அந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுவார். சந்தையில் பலாப்பழம் தட்டுகிற கிழவர்கூட ஒரு கட்டத்தில் பழத்தை வாங்குவார் அல்லது கீழே வைப்பார். மாமா இரண்டும் செய்யமாட்டார்.

சுவர் முடிந்தால் தரை. ஓடு ஓடாகக் குனிந்து தட்டுவார். பிறகு கதவு, ஜன்னல் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி. ஒருமுறை மீட்டர் பெட்டியின் மரப்பலகையைத் தட்டினார், பலகை உள்ளே போய்விட்டது. கரையான் தின்று வெறும் பெயின்ட்தான் பலகையாக நின்றிருந்தது. அன்று முதல் அவரை எதிர்த்துப் பேச எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய் இல்லை.

அவர் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும். மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் போய்விடும். அதன்மேல் யாரோ சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறும். உப்புப் பூத்துப் பூச்சு பொருமும். அதை மறைக்க விற்பவர் இடுப்பு உயரத்துக்கு அழகாக டைல்ஸ் ஒட்டிவைப்பார். நாம் "அட, நல்லா இருக்கே" என்போம். மாமா டைல்ஸைத் தட்டுவார். 'டொப்'. "சேல கட்டி வச்சிருக்கான்" என்பார், ஏஜென்ட் காதுபட.

ஆனால் இதுவும் எழுதியாக வேண்டும். காசு எட்டுகிற உயரம் வரைதான் மாமாவுக்கு வீடு. முட்டிவலி, கூரைக்கு ஏறமாட்டார். உத்தரம் உளுத்திருக்கிறதா, ஓடு சரிந்திருக்கிறதா, தெரியாது. கிராண்டைக் கேட்டுப் பார்க்கமாட்டார். குத்தகை நிலமா, எத்தனை வருஷம் மிச்சம், பின்கட்டில் நீட்டிய சமையலறைக்கு மாநகர் மன்றம் பிளான் பாஸ் பண்ணியதா, எதுவும் அவர் காசுக்குக் கேட்காது. வீட்டுக்குப் பின்னால் மலை நிற்கும். 76 மீட்டருக்கு மேல் மலைநிலம் என்று மாநில அரசே கோடு கிழித்து வைத்திருக்கிற ஊர் இது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் போனார்கள். இரண்டு வாரத்தில் தீவு முழுக்க வெள்ளம். இதெல்லாம் பார்த்த மனுஷன், தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு மலைக்கு முதுகைக் காட்டியபடி சுவரைத் தட்டுகிறார். பின்பக்கக் கால்வாய் எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. புது வீடென்றால் 24 மாதத்துக்குக் கட்டியவன் வந்து பழுது பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பழைய வீட்டை இருக்கிற மேனிக்கு வாங்குகிறோம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரும் வீடு என்ன விலை போகும் என்று பார்க்க வருகிறவர், விரிசல் பார்க்க அல்ல. பத்து விழுக்காடு முன்பணம் கட்டப்போகிற நாமோ, கூலி கொடுத்து விவரம் தெரிந்த ஓர் ஆளைக் கூரை ஏறச் சொல்லாமல், சும்மா வருகிறாரே என்று மாமாவை நம்பிப் போகிறோம்.

போன மாதம் கெபுன் பூங்கா சாலைப் பக்கம் ஒரு பழைய வீடு. தைப்பூசத்துக்கு ரதம் வாசல் வழியாகப் போகும் என்றதும் வீட்டம்மா முகம் மலர்ந்தது. "காடிய வெளியில எடுக்க முடியாதும்மா" என்றார் மாமா. வீட்டுக்காரப் பாட்டி தனியாக இருப்பவர். எங்களுக்குக் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார். மாமா சாமியறைச் சுவரைக்கூட விடவில்லை. முருகன் படத்தை லேசாக நகர்த்தித் தட்டினார், "உள்ள காலி" என்று சத்தமாகச் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பாட்டி கோப்பியை வைத்துவிட்டு, "அண்ணே, பின்னால ஒரு செவரு இருக்கு, மழ பேஞ்சா வேர்த்து ஊத்துது. அதையும் கொஞ்சம் தட்டிப் பாருங்களேன்" என்றார். மாமா போனார். நாங்கள் காடியில் உட்கார்ந்து காத்திருந்தோம், ஏஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லை நன்றாகக் காயவிட வேண்டும், மறுபடி சுண்ணாம்பே பூச வேண்டும் என்று மாமா சொல்லச் சொல்ல, பாட்டி நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. திரும்பும் வழியில், "வேண்டாம் தம்பி, பாதி வீடு பொருமிக் கிடக்கு" என்று தீர்ப்பு வந்தது.

அடுத்த வாரம் ஏஜென்ட் போன் செய்தார். பாட்டி விற்கவில்லையாம். ஆள் பிடித்துச் சுவரைக் கொத்த ஆரம்பித்துவிட்டாராம். இனி வீடு பார்க்க வந்தால் அந்த அங்கிளைக் கூட்டி வராதீர்கள் என்றும் சொன்னார்.

பின்பாதியை மட்டும் விழுங்கிவிட்டு மாமாவிடம் சொன்னேன். "பின்ன? அந்த மாதிரி வீட்ட யாராச்சும் விப்பாங்களா?" என்றார்.