வானத்தில் ஒரு கார்

காரே இல்லாமல் இங்கிலாந்துக் கிராமங்களைச் சுற்றிப் பார்க்க முடியுமா? கதை விடாதீர்கள்!
— வாசகி, திருச்சி

இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் கார் இல்லாத நாள் அபூர்வம்தான். நான் சொல்வது வானத்துக் காரை! அதற்குக் குடை போதும். லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறி ஆக்ஸன்ஹோமில் மாறினால் வின்டர்மியர். அங்கிருந்து 555-ஆம் எண் பஸ், ஆம்பிள்சைட், கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக் போகும். மாடியில் முன் சீட்டைப் பிடியுங்கள். கல்வேலிக்கு அப்பால் மேயும் ஆடுகளும் ஏரியும் தெரியும். காரில் போனால் வேலிதான் தெரியும்.

இந்த வின்டர்மியர் ரயில் வந்தால் வட்டாரத்தின் அமைதி போய்விடும் என்று 1844-இல் எதிர்த்தவர், அங்கேயே வாழ்ந்த கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். 1847-இல் ரயில் வந்துவிட்டது. இன்று அவர் வீட்டைப் பார்க்க, அந்தக் குறுகிய சாலைகளில் இன்னொரு காரைச் சேர்க்காமல் போக வழி, அதே ரயில்தான்.