சுளை உனக்கு, கொட்டை அவளுக்கா?

ஏம்பா பேராண்டி, அப்பனாவப் போறியாமே! நல்லா இரு. வா, இப்படித் திண்ணையில குந்து.

உங்கம்மா நேத்து என்கிட்ட ஒரு பட்டியல் ஒப்பிச்சா. மருமவ பலாப்பழம் தொடக்கூடாதாம். பப்பாளி, அன்னாசி, எள்ளு கூடவே கூடாதாம். கத்திரிக்கா கரப்பான், பூசணி சளி, மோரு குளிர்ச்சி, முட்டை சூடு. நானும் பாட்டு கேக்குற மாதிரி தலையை ஆட்டிக்கிட்டே இருந்துட்டு, "தண்ணியாவது குடிக்கலாமாடி?"ன்னு கேட்டேன். கோச்சிக்கிட்டுப் போயிட்டா.

சித்திரை பொறந்தா நம்ம அண்ணாகிராமத்துப் பக்கம் மூக்கை மூடிக்கிட்டுத்தான் தூங்கணும், அவ்ளோ பலாப்பழ வாசனை. பண்ருட்டியிலேருந்து லாரி லாரியா ஏத்திக்கிட்டுப் போறான். பட்டணத்துக்காரன் சுளையை எண்ணிக் காசு குடுத்துத் தின்றான். மரத்தடியிலயே குடியிருக்குற புள்ளத்தாச்சிக்கு மட்டும் ஆவாது. சரி, அவளுக்கு ஆவாத சுளை எங்க போச்சு? தாடையில ஒட்டியிருக்கு பாரு, தொடச்சிக்க. கொட்டையை மட்டும் குழம்புல போட்டு அவளுக்கு வெச்சிருப்பா உங்கம்மா.

நான் பாத்த வரைக்கும், புள்ளத்தாச்சிக்கு விலக்குன பண்டம் எதுவும் குப்பைக்குப் போனதில்ல. எவன் தட்டுக்கோதான் போயிருக்கு.

பப்பாளிக் காயில பால் இருக்கு, அதை விலக்குறது நியாயம்தான். நல்லாப் பழுத்துட்டா அந்தப் பாலு அத்துப்போவுது. பலாவும் அப்படித்தான், நாலு சுளை தின்னா ஒண்ணும் குடி முழுவிடாது. சர்க்கரை இருக்குறவ மட்டும் அளவு பாக்கணும். அதுக்குத்தான ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் தண்ணி குடிக்க வெச்சு ரத்தம் எடுக்குறாங்க!

இன்னொரு பெரிய மனுசி இருக்கா நம்ம தெருவுல. "கம்மியாத் தின்னுடி, புள்ள பெருத்தா பிரசவம் கஷ்டம்"னு சொல்லுவா. அவ பேச்சைக் கேட்டா புள்ள ரெண்டரைக் கிலோவுக்குக் கீழ பொறக்கும், அப்புறம் கண்ணாடிப் பொட்டியில வெச்சுப் பாக்கணும். வயித்துல இருக்குறப்ப சிக்கனம், வெளிய வந்தப்புறம் ஆஸ்பத்திரிச் செலவு. நல்ல கணக்கு!

ஆஸ்பத்திரியில இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்களே, உன் பொண்டாட்டி போடுறாளா? கூரையில சொருவியிருப்பா, போய்ப் பாரு. மாத்திரை போட்டா புள்ள கருப்பாப் பொறக்கும்னு யாரோ சொல்லியிருக்காங்க. நீ மட்டும் என்ன, வெள்ளைக்காரனா? குங்குமப்பூ வாங்கப் பாண்டிச்சேரி வரைக்கும் போனியாமே! அந்தக் காசுக்கு மாசம் பூரா முட்டை வாங்கியிருக்கலாம். 2019லேருந்து 21 வரைக்கும் சர்க்கார் எடுத்த கணக்குல, இந்தத் தேசத்துல மாசமா இருக்குறவங்கள்ள 100க்கு 52 பேருக்கு ரத்தசோகைன்னு நர்சம்மா சொல்லுச்சு. ரத்தம் 11 கிராமுக்குக் கீழ எறங்குனா சோகைதான். மாத்திரையை டீயோட முழுங்குனா பாதி சத்து வீணு. எலுமிச்சம்பழத் தண்ணியோட போடச் சொல்லு. 180 நாளைக்குப் போடணும், பெத்தப்புறமும் அதே அளவுக்கு.

அவ சாம்பலையும் செவுத்து மண்ணையும் நோண்டித் தின்றாளேன்னு உங்கம்மா சிரிக்கிறா. இது இன்னைக்கி நேத்து கதையில்ல. புறநானூத்துலயே ஒரு புலவர் ஒரு சேர ராசாவைப் புகழ்றாராம்: உன் நாட்டு மண்ணை மசக்கைக்காரிங்க ஆசைப்பட்டுத் தின்னாத்தான் உண்டு, எதிரி எவனாலயும் தொட முடியாதுன்னு. தமிழ் வாத்தியார் சொன்னாரு. ராசாவுக்கு அது பெருமை. இன்னைக்கி டாக்டரம்மாவுக்கு அது ரத்தம் கம்மியாயிருக்குமோன்னு ஒரு சந்தேகம். மண்ணு தின்னா சிரிக்காத, ரத்தம் சோதிச்சுப் பாரு.

இனிமேதான் பெரிய கூத்து இருக்கு. புள்ள பொறந்ததும் பத்தியம்னு ஒண்ணு வரும். பச்ச ஒடம்புக்காரிக்கு மொளகு ரசம், சுட்ட அப்பளம், ஒரு கை சோறு. தாவத்துக்குத் தண்ணி கேட்டா, "வயிறு தொங்கிடும்"னு ரெண்டு மடக்கு வெந்நி. வயிறு தொங்காது கண்ணு, மலம்தான் கட்டும். பால் குடுக்குறவளுக்கு மொத ஆறு மாசம் நாளைக்கு 600 கலோரி கூடுதலா வேணும்னு ஹைதராபாத்துல ஊட்டச்சத்து ஆராய்ச்சி பண்றவங்க கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. மாசமா இருக்கும்போதே 350தான். அதாவது பெத்தப்புறம்தான் பசி ஜாஸ்தி. நாம அந்த நேரம் பாத்துத்தான் சோத்துல கை வைக்குறோம்!

பத்தியத்தையே தூக்கிப் போடச் சொல்றேன்னு நெனைக்காத. தாய்வீட்டுல மூணு மாசம் படுத்து எழுந்திருக்கறது, நல்லெண்ணெய், முருங்கைக்கீரை, காயம் உருண்டை, இதையெல்லாம் நான் விடமாட்டேன். சிங்கப்பூர்ல இருக்குற என் பேத்தி சொல்றா, அங்க சீனப் பொம்பளைங்களும் பெத்தா ஒரு மாசம் பச்சத் தண்ணி தொடாம, இஞ்சியும் கோழியும் எள்ளெண்ணெயில வதக்கித் தின்றாங்களாம். அவங்க பத்தியத்துல கோழி இருக்கு பாத்தியா! நம்ம பத்தியத்துலயும் மீனு இருக்கு, வாங்கத்தான் ஆளில்ல.

முதுநகர்லேருந்து மீன்காரி வந்தா பால்சுறா கேளு. மஞ்சப்பொடி போட்டு வேக வெச்சு, தோலு மேல சொரசொரன்னு ஒட்டியிருக்குற மணலைச் சொரண்டி எடுத்துடணும். அதுல சோம்பேறித்தனம் பண்ணுனா வாயெல்லாம் நறநறன்னும். சதையை உதுத்து, தண்ணி போவப் புழிஞ்சு வெச்சுக்க. நல்லெண்ணெயில சின்ன வெங்காயம், ரெண்டு கை பூண்டு, இஞ்சி, மொளகு போட்டு வதக்கி, புட்டு மாதிரி பொலபொலன்னு வர்ற வரைக்கும் கிண்டணும். பால் ஊறும்னு சொல்லித்தான் இதைக் குடுக்குறோம். உண்மையில புள்ள வாய் வெச்சு இழுக்க இழுக்கத்தான் பால் ஊறும். ஆனா பெத்தவளுக்கு ஒரு வேளை நல்ல மீனு வேணும்னா இந்தக் காரணத்தைத்தான் சொல்லணும், அவளுக்குப் பிடிக்கும்னு சொன்னா யாரு வாங்கிக் குடுப்பா? மொதல்ல மஞ்சளா வருமே சீம்பாலு, அதைப் பீச்சிக் கீழ ஊத்திட்டு, கழுதையை ஓட்டிக்கிட்டு வர்றவன்கிட்ட ஒரு சங்கு பால் வாங்கி ஊத்துனேன்னு மட்டும் கேள்விப்பட்டேன், பேராண்டின்னு பாக்கமாட்டேன்.

அப்புறம் அந்தப் பெட்டகம். முத்துலெட்சுமி ரெட்டி பேருல புள்ளத்தாச்சிங்களுக்கு சர்க்கார் குடுக்குற 18,000 ரூபா திட்டம் இருக்கே, 1987ல 300 ரூபாயில ஆரம்பிச்சது. இப்ப அதுல 4,000 ரூபாய்க்கு ரெண்டு பெட்டகம் வருது: சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய்யி, இரும்புச்சத்து டானிக்கு. உங்க வீட்டுக்கு ஒண்ணு வந்துடுச்சின்னு கேள்வி. நெய்யி எங்கடா? உங்கப்பன் மூணு நாளா தோசையை மூக்கால மோந்து மோந்து தின்றானாமே. பேரீச்சம்பழக் கொட்டை உன் சட்டைப் பையில எப்படி வந்துச்சு? டானிக்கு மட்டும் பத்திரமா இருக்கும், ஏன்னா அது கசக்கும்.

அடுத்த மாசம் வளைகாப்பாமே. அஞ்சு வகைச் சோறு கட்டுவீங்க, ஊரே சாப்பிடும். அன்னிக்காவது மொத எலையை அவளுக்குப் போடு, நீ கடைசிப் பந்தியில குந்து. பலாப்பழம் ஒண்ணு நானே அறுத்துக் கொண்டாரேன். உங்கம்மா மொறைச்சா, ஆயா சொல்லுச்சுன்னு என் பேரை இழுத்து உடாத. டாக்டரம்மா சொன்னாங்கன்னு சொல்லு, வாயை மூடிக்குவா.