கண்ணாடிக்கூட விதிகள்: ஓர் உரை விளக்கம்

இங்கிலாந்து வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி நிற்கும் கன்சர்வேட்டரி என்னும் கண்ணாடிக்கூடத்துக்கு அந்நாட்டுக் கட்டட விதிகள் உண்டு. அவற்றுக்குப் பதவுரை, பொழிப்புரை, விருத்தியுரை எதுவும் தமிழில் தேறாமல் போனது ஆய்வுலகுக்கு நேர்ந்த இழுக்கு. அதைத் துடைப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

1. வரலாறு
இங்கிலாந்தில் 1746 முதல் கண்ணாடிக்கு வரி வாங்கினார்கள், 1845இல் விட்டார்கள். ஜன்னல் வரி 1851இல் ஒழிந்தது. அதே ஆண்டு லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டனின் பளிங்கு மாளிகை திறக்கப்பட்டது. வரி போன இடத்தில் விதி வந்து உட்கார்ந்தது. மேலும் விவரம் வேண்டுவோர் தனிக் கட்டுரை எழுதிக்கொள்க.

2. இடம்
தரைத்தளம்.

3. பரப்பு
30 சதுர மீட்டரை மிஞ்சாவிட்டால் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கு. கண்ணாடிக்கும் மின்சாரத்துக்கும் மட்டும் விலக்கில்லை.

4. முட்டல் இயல்
ஜன்னல் கண்ணாடியில் தரையிலிருந்து 800 மி.மீ. வரையிலும், கதவிலும் அதன் இருபுறம் 300 மி.மீ.க்குள் வரும் கண்ணாடியிலும் 1500 மி.மீ. வரையிலும் ஆபத்தான இடம். அங்கே கண்ணாடி ஊறு செய்யாமல் உடைய வேண்டும். அல்லது உடையாத வலுவோடு இருக்க வேண்டும். அதுவும் இல்லையேல் யாரும் மோதாதபடி நிலையான தடுப்பு வேண்டும்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், மனிதர் எவ்வளவு உயரத்தில் போய் முட்டிக்கொள்வர் என்பது உணர்த்துதல் நுதலிற்று.

800 என்றது என்னை எனின், தவழும் குழந்தையையும் தடுக்கி விழும் பெரியவரையும் நோக்கி என்பார் முதல் உரைகாரர். அற்றேல் 801ஆம் மில்லிமீட்டரில் முட்டுபவன் கதி என்ன என்று கேட்டு, அவன் முட்டியது விதிக்குப் புறம்பு, ஆகவே முட்டவில்லை என்று தீர்த்துவைத்தார் இரண்டாமவர். குனிந்தபடி ஓடுபவனுக்கு எந்த அளவு என்று ஆராயப் புகுந்த மூன்றாமவரின் உரை ‘ஆயின்’ என்ற சொல்லோடு நிற்கிறது. மீதியைக் கரையான் தின்றது. கரையான் தின்ற அந்தப் பகுதியை நான்காமவர் ஒரு வரி விடாமல் மேற்கோள் காட்டியிருக்கிறார். மேற்கோளில் பக்க எண் தவறு என்று நிறுவ ஐந்தாமவர் இரண்டு தொகுதிகள் எழுதினார். இரண்டிலும் பக்க எண் இல்லை.

5. முத்திரை இயல்
ஊறு செய்யாமல் உடையும் டஃபன்டு கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைப்பார்கள். அப்புறம் அதை அறுக்கவோ துளைக்கவோ முடியாது. உடைந்தால் கல்கண்டு போல மழுங்கிய துண்டுகளாக உதிரும். உடைத்துப் பார்க்காமல் அறிய, மூலையில் அழியாத முத்திரை இருக்கும். ஆய்வாளர் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, தூசியைத் துடைத்து, மைப்படி எடுத்தால் ‘பி.எஸ். இ.என். 12600’ என்று வாசிக்கலாம். மோதலைத் தாங்கும் திறனுக்கான தர எண் அது. அதைக் கலியாண்டு என்று கொண்டு ஒருவர் முனைவர் பட்டம் வாங்கிவிட்டதால், இனித் திருத்துவதற்கில்லை.

6. கதவு
விலக்கு நிலைக்க வேண்டுமானால் வீட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே பழைய வெளிச்சுவரும் வெளிக்கதவும் இருக்க வேண்டும். வீட்டு ஹீட்டிங்கை அங்கே இழுக்கக் கூடாது. தனி சுவிட்சோடு தனி ஹீட்டர் வைத்துக்கொள்ளலாம். பில்லை நினைத்துப் பலர் அதைப் போடுவதில்லை. ஆக, குளிர்காலத்தில் நடுங்கவைத்து, வெயில்காலத்தில் வேகவைக்கும் வரைக்கும் அது விலக்குப் பெற்ற கண்ணாடிக்கூடம். கதவைக் கழற்றி, ஹீட்டிங்கை நீட்டி, ஆண்டு முழுக்க உட்காரும்படி செய்தால் அது அறை. சட்டம் முழுதாக வந்து இறங்கும். யாரும் சுகமாக இருக்க முடியாத இடத்துக்கே விலக்கு என்பது சூத்திரத்தின் உட்கிடை.

7. புறனடை
இந்நெறி ஆய்விதழ்களுக்கும் ஒக்கும். வாசகர் உள்ளே வந்து கால் நீட்டி உட்கார்ந்துவிட்டால் அது வெறும் கட்டுரை. ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். வெளிக்கதவு சாத்தியிருந்து, உள்ளே சூடும் இல்லாதிருந்தால்தான் ஆய்வு. அதைச் சோதிக்க ஓர் அதிகாரியும் எட்டிப் பார்ப்பதில்லை.